காபித்தூள் அள்ளிய வெள்ளிச் சங்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, சந்திரகலாவுடையது. வேங்கிக்காலில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன், அவ்வளவுதான் சம்பந்தம். அவர் கலெக்டர் ஆபீசில் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் போய்விடுவார். மார்ச்சில் வெயில் ஏறியதும், ஆசிரமத்துக்கென்று வந்து அங்கே தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்புமுன் மெத்தை, மிக்சி, சைக்கிள், பாத்திரம் என்று எல்லாவற்றையும் வாசலில் பரப்பி விற்பார்கள். அதற்குக் ‘கராஜ் சேல்’ என்று பெயர். கராஜ் உள்ள வீடு அதில் ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் குவியல்களில் பழைய வெள்ளியைத் தேடிப் பிடிப்பதுதான் சந்திரகலாவின் கிறுக்கு. அதைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கட்டுரை உருப்படவில்லை. இது அதன் மிச்சம்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

‘மலைமேல் மேகம் இறங்கியிருந்த அந்தக் காலையில்...’ (மார்ச்சில் ஏதய்யா மேகம்? மண்டை காய்கிறது.)

‘வெள்ளி என்பது நிலவு மண்ணில் சிந்திய...’ (சே!)

‘சந்திரகலா ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தார்.’

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. நாம் எல்லாரும் ஸ்பூனின் பளபளப்பைப் பார்ப்போம், அவர் பின்பக்கத்தைப் பார்ப்பார். பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். ஒட்டினால் இரும்பு, அப்படியே கீழே வைத்துவிடுவார். ஒட்டாவிட்டால் காம்பின் பின்புறம் தேடுவார். நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருந்தால் வெறும் முலாம். நடக்கிற சிங்கம் ஒன்று பொடிசாகக் குத்தியிருந்தால் சீமை வெள்ளி. முத்திரை தேய்ந்து தெரியாவிட்டால் பர்சிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை தேய்த்து, விரலால் மேலாக வழிப்பார். பள்ளத்தில் நிற்கும் சாம்பல் எழுத்தை வெள்ளையாக எடுத்துக் காட்டிவிடும். முதல் தடவை பார்த்தபோது அசந்துபோனேன். இந்தக் கோயில் ஊரில் விபூதிக்கா பஞ்சம்? ஆனாலும் எனக்குத் தோன்றவில்லையே!

3

(இந்தப் பகுதியை விட்டுவிட்டும் படிக்கலாம். வாசகர் கேட்பார் என்று பயந்து எழுதினேன்.)

சந்திரகலாவை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். முதல் வரைவைப் படித்துவிட்டு அவரே சொன்னார்: “ஐய, இன்னா சார் இது? சாமி படம் மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க!” ஆகவே குறையையும் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவதில் ஈவிரக்கம் கிடையாது. தியானத்துக்கு வந்த மனுஷர்களையே கோபப்பட வைத்துவிடுவார். “ஓரத்துல நெளிஞ்சிருக்குது மேடம், ஜாஸ்தி சொல்றீங்களே” என்று தொடங்கினால் எதிராளி கும்பிடு போடுகிற வரை விடமாட்டார். இதை நினைவில் வையுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

4

ஹெல்கா என்கிற ஜெர்மன் பெண்மணி முப்பது வருஷத்துக்குப் பக்கமாக இங்கே இருந்தவர். வயதாகிவிட்டது, மகனிடம் திரும்பிப் போகிறார். அவருடைய சேலில் காபி டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் தூள் அள்ள ஒரு சாமான், கன்னங்கரேலென்று கறுத்துக் கிடந்தது. சந்திரகலா அதைக் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டார்.

“சார், இது சங்கு சார்! கொழந்தைக்குப் பால் ஊத்துறது. இதுல போய்க் காபித்தூள் அள்ளிக்கினு இருக்குது இந்தம்மா!”

காந்தம் ஒட்டவில்லை. அடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. விபூதி போட்டு வழித்தார். ‘மாறனுக்கு மாமா காசி.’

சிரிப்பு நின்றுவிட்டது.

“இது ஏது மேடம் உங்களுக்கு?”

ஹெல்காவுக்குத் தமிழ் வரும், உடைந்த தமிழ். “நான் வந்த புதுசு. இந்தக் காம்பவுண்டு சுவர் கட்டினார், மேஸ்திரி ஆதிமூலம். மகள் காலேஜ் போறா, பணம் வேணும் சொன்னார். இது குடுத்தார். திரும்ப வாங்க வரேன் சொன்னார். வரலே. நல்ல மனுஷன்.”

சந்திரகலா விலையைக் கேட்டார். சொன்ன பணத்தை அப்படியே எடுத்து வைத்தார். பேரம் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு ஏதோ விபரீதம் என்று உறைத்தது. வெளியே வந்து அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“ஆதிமூலம் எங்கப்பா சார்” என்றார்.

5

(தற்செயலை நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஆனால் யோசியுங்கள்: வருஷா வருஷம் அதே தெருக்களில், அதே குவியல்களில் கையைவிட்டுத் துழாவுகிற ஒருத்தரிடம் சிக்காமல் அது வேறு யாரிடம் சிக்கும்?)

காசியும் ஆதிமூலமும் சிநேகிதர்கள். காசி லாரி ஓட்டினார். தங்கை வெள்ளையம்மாளுக்கு மகன் பிறந்து தொட்டில் போட்ட அன்று அவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூரில் நின்றிருந்தார். தாய்மாமன் சீராகப் பேர் வெட்டிச் செய்த வெள்ளிச் சங்கை, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஆதிமூலத்திடம் முன்னமே தந்திருந்தார். சங்கு போய்ச் சேரவில்லை. பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக ஆதிமூலம் சொன்னார். யார் தொலைத்தது என்று சொல்லாமல், தொலைந்துபோச்சு என்று மட்டும் காசி தங்கையிடம் சொன்னார். “செஞ்சிருந்தாத்தான தொலையறதுக்கு?” என்று கேட்ட வெள்ளையம்மாள் அதற்கப்புறம் அண்ணனோடு பேசவே இல்லை. சபையில் தாய்மாமன் வெறுங்கையனாக ஆனது ஆனதுதான். ஆதிமூலம் செத்தும் பத்து வருஷம் இருக்கும்.

இப்போது அந்த மாறனுக்கு மகள் பிறந்திருக்கிறாள். வருகிற ஞாயிறு தொட்டில். காசிக்கு அழைப்பில்லை.

6

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

அ. சந்திரகலா சங்கைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். (எழுதும்போதே வெட்கமாக இருந்தது. அவர் செய்ய மாட்டார்.)

ஆ. வெள்ளையம்மாளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்கிறார். காசி பேர் துலங்குகிறது. தெரு முழுக்க மதிக்கிற ஆதிமூலம் மேஸ்திரி, செத்த பிறகு திருடனாகிறார். மகள் படித்த படிப்பும் அதோடு சேர்ந்து...

(முடிக்கவில்லை.)

இ. நான் கண்டுபிடித்த தந்திரம். சேலில் கிடைத்தது என்று மட்டும் சொன்னால் போதுமே! காசியும் தப்பித்தார், அப்பாவும் தப்பித்தார். பெருமையாகப் படியிறங்கிப் போய்ச் சொன்னேன்.

“மொதல்ல காசி மாமாவப் பாக்கணும் சார்” என்றார்.

7

பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை. காசி டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். சங்கை வாங்கி, விபூதி நின்ற எழுத்துகள்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

“அப்பா வித்துட்டாரு மாமா. என் காலேஜுக்கு.”

“ம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பஸ்ஸுல தொலைச்சிட்டேன்னு சொல்றப்ப என் மூஞ்சியப் பாக்கலம்மா அவன். அப்பவே தெரியும்.”

“அப்ப ஏன் மாமா வெள்ளையம்மா அத்தைகிட்ட சொல்லல?”

“நீ அப்பத்தான காலேஜுக்குப் போய்க்கினு இருந்த?”

சந்திரகலா அழுதுவிட்டார். நானும்தான், ஒளிப்பானேன்? காகிதம் காகிதமாகக் கிழித்துப்போடுகிற எனக்கு இப்படி ஒரு வரி வந்ததே இல்லை. இந்த மனுஷன் அதை இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

காசி சங்கைத் திருப்பிக் கொடுத்தார். “சேல்ல கெடைச்சிதுன்னு சொல்லிக் குடுத்துடு. அது நெசந்தான? அவன இழுக்காத.”

என் தந்திரத்தைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அவர் சொன்னபோது அது தந்திரமாகத் தெரியவில்லை.

8

ஞாயிறு காலை. வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் பந்தல். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். சந்திரகலா சங்கைப் பளிச்சென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தார், ஆனால் எழுத்தில் நின்ற விபூதியைத் துடைக்கவில்லை. வெள்ளையம்மாள் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“அய்யோ, எங்கண்ணன் செஞ்சிதான் வெச்சிருந்தானா!” என்றார். அப்புறம் நிமிர்ந்து, “ஏ கலா, இது ஏதுடி உனக்கு?” என்று கேட்டார்.

சந்திரகலா சொன்ன பதிலை நான் கேட்டேன். அதை வைத்து ஒரு முடிவும் எழுதினேன். பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, “வேணாம் சார், அது அத்தைக்குச் சொன்னது” என்றார். கிழித்துவிட்டேன். பதில் சொல்ல அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதை மட்டும் அவருக்குத் தெரியாமல் இங்கே விட்டுவைக்கிறேன்.

இனி உங்கள் பாடு. பந்தலில் சனம் திரும்பிப் பார்க்கிறது. உள்ளே குழந்தை பாலுக்கு அழுகிறது. நீங்கள் ஆதிமூலத்தின் மகள். வெள்ளையம்மாள் இன்னும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், இது ஏது உங்களுக்கு?