கஞ்சி போட்ட கூடு

யுத்தத்தில் மதராஸ்மீது குண்டு விழும் என்ற பேச்சு ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த சித்திரையில், மணியம்மையின் தங்கை சந்திரா அங்கிருந்து கடப்பையிலுள்ள மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டாள். அவள் வளர்த்த கிளிக்கு அங்கே இடமில்லை. அக்காளின் ஊரான திருத்தணியில் வண்டி நிற்கும்போது அதைக் கொடுத்துவிடுவதாகவும், கூடு மட்டும் தயாராக இருக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

கூடு செய்யும் பொறுப்பை மணியம்மையின் கணவர் ஜெகநாதன் ஏற்றார். இருபது ஆண்டுகளாகக் குழித்தறியில் நெய்பவர். மூங்கிலைச் சீவி, இடைவெளி இம்மியும் பிசகாமல் குச்சிகளை நிறுத்தினார். அத்துடன் விட்டிருக்கலாம். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு உறுதி தருவது கஞ்சி; குச்சிக்கும் அதுவே தரும் என்று அவருக்குத் தோன்றியது. அரிசிக் கஞ்சியை மூன்று முறை பூசி வெயிலில் உலர்த்தினார். சிரித்தவர்களிடம், நெசவாளி வேறெப்படிச் செய்வான் என்று கேட்டார்.

நிலையத்தில் சந்திரா மூடிய ஓலைக்கூடையைச் சன்னல் வழியே அக்காள் கணவரிடம் நீட்டினாள்.

"நான் திரும்பி வரசொல்ல இது இருக்கணும், பாவா. வேற ஒண்ணும் கேக்கல."

"ஆங்" என்றார். வண்டி நகர்ந்தது.

கூட்டுக்குள் விடப்பட்ட கிளி முதலில் குச்சியை நக்கிப் பார்த்தது. கஞ்சி பிடித்துப்போயிற்று. கஞ்சி தீர்ந்த இடத்தில் மூங்கில் இருந்தது. அதையும் அது விட்டுவைக்கவில்லை. மறுநாள் காலை ஜெகநாதன் தறியில் அமர்ந்தபோது இரண்டு குச்சிகள் முறிந்து விழுந்தன. கிளி வெளியே வந்தது. தெருக்கதவு திறந்திருந்தது.

அது பறக்கவில்லை. கஞ்சி மணக்கும் இன்னொரு பொருளை நோக்கி நடந்தது. தறியில் புதுப்பாவு பூட்டியிருந்தது.

"ஏங்க, கையத் தட்டி ஓட்டுங்க. நூலு போயிடும்" என்றாள் மணியம்மை.

"தட்டினா கிளி போயிடும். நீ கதவாண்ட போ. சத்தம் கூடாது."

அவள் சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். கிளி பாவின்மேல் ஏறியது. மூங்கிலை முறித்த அந்த அலகு, மயிரிழை போன்ற நூலொன்றைக் கவ்வியது. ஜெகநாதன் மூச்சை அடக்கினார். தடித்த சிறு நாக்கு நூலின்மேல் ஊர்ந்தது, அலகு திறந்தது, நூல் அதிர்ந்து தன்னிடத்துக்கே மீண்டது. பிறகு அடுத்த நூல். பாதம் பட்ட இடத்தில் பாவு தாழ்ந்து, பாதம் பெயர்ந்ததும் நிமிர்ந்தது. தம் விரல்கள் இத்தனை ஆண்டுகளில் எந்த இழையையும் இவ்வளவு மென்மையாகத் தொட்டதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அது வருத்தமாக இல்லை. மலைமேல் சந்நிதியில் திரை விலகும் நொடியில் நிற்பவர்போல் இமைக்காமல் இருந்தார். கைகள் எப்போது குவிந்தன என்று அவர் அறியார்.

கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. கிளி பாவைக் கடந்து, சிறகுகளை உதறி, தறியின் மேற்கட்டையில் ஏறி அமர்ந்தது. ஓர் இழையும் அறவில்லை.

அன்று அவர் நெய்யவில்லை, மூங்கிலையும் தொடவில்லை. கடைத்தெருவுக்குப் போய் இரும்புவலை வாங்கிவந்து சன்னல்கள் இரண்டிலும் அடித்தார்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு எல்லம்மாள் அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்தாள். மணியம்மை கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"மெள்ள வாக்கா. இப்ப இது அதோட வூடு. நாங்க சும்மா இருந்துகினு கீறோம்."