ஏரியில்லாத ஏரியில் மைத்தேயின் ஜீப்

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், பர்ன்ஸ் ஊரில், எங்கள் எதிர்வீடு மைத்தேயுடையது. அவளுடைய கராஜ் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே காடுமேடெல்லாம் ஏறித் தேய்ந்த ஒரு பழைய ஜீப்பின் எலும்புக்கூடு. அதன் வயிற்றுக்குள் கையை விட்டபடி முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்திருப்பாள். வேலையில் வெறுப்பு போல என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பார்வை பறிபோனாலும் மனந்தளராத ஒரு பெண்...’

வாசித்துக் காட்டியதும் மைத்தே ஸ்பேனரைக் கீழே போட்டாள். “இது என்ன, பரிசளிப்பு விழாவா? நான் ஜீப் சரி பண்றேன். அவ்வளவுதான். என்னை நல்லவளா மட்டும் எழுதிப்பாரு, அப்புறம் இருக்கு உனக்கு.”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அவள் கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும் மிச்சம். நேராகப் பார்த்தால் ஒரு புகை உருண்டை. முகத்தைத் திருப்பினால் அந்த உருண்டையின் விளிம்பில் உலகம் கொஞ்சம் கசியும். (எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது.)

அவள் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு தம்பி பென்யாத் கூடவே வந்து தங்கினான். சமைப்பான், பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வான். மற்றதெல்லாம் அவள் விரல்கள். எலி கூடுகட்டியிருந்த இருக்கை, துரு தின்ற தரைத்தகடு, கிளட்ச், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, தடவிப் பார்த்து மாட்டினாள்.

“எதுக்கு இவ்வளவு?” என்றேன்.

“ஓட்டத்தான். ஜீப்பை வேற என்ன பண்ணுவாங்க, ஊறுகாயா போடுவாங்க? மலைக்கு அந்தப் பக்கம் வத்திப்போன ஏரி இருக்கில்ல, அங்க மோதறதுக்கு ஒரு செடிகூடக் கிடையாது.”

பெட்டி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பென்யாத் அதைக் கீழே வைத்தான்.

3

எல்லாம் மாட்டியாயிற்று. ஜீப் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், இருமும், அடங்கும். நாள் தவறாமல் முயன்றாள்.

(இங்கே பென்யாத்தை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். அவன் அக்காவுக்காக மீன் முள் எடுப்பதைப் பார்த்தபின் மனம் வரவில்லை.)

ஒரு மத்தியானம் மைத்தே டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் ரோட்டர் அங்கே இல்லை. கட்டைவிரல் அளவுத் துண்டு. தன் கையால் மாட்டியது.

சமையலறைக்கு நடந்தாள். பென்யாத் சிவப்புப் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள்.

“கொடுடா.”

“எதை?”

“பென்யாத்.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். “நீ எங்கயாவது கவுந்து கிடந்தா நான் என்ன பண்றது?”

“அதுக்காக எனக்கே தெரியாம பண்ணுவியா? கண்ணு போச்சுடா எனக்கு. அதையும் சாக்கா வச்சுக்கிட்டு நீயும் ஏமாத்தினா நான் யார்கிட்ட போவேன்?”

பீன்ஸ் அடிபிடித்தது. அதையேதான் இருவரும் சாப்பிட்டார்கள்.

4

ரோட்டரை மாட்டி, ஜீப்பை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் உடன் போகவில்லை. அவர்கள் ஆளுக்கொரு பாதி சொன்னதைச் சேர்த்துத் தைக்கிறேன்.

ஏரி இருந்த இடத்தில் உப்புப் பூத்த வெள்ளை. தரை முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று பென்யாத்துக்கே தெரியவில்லை. மைத்தே ஓட்டினாள். பாதை இல்லை, ஓரம் இல்லை. ஜீப் நகர்கிறதா, வெண்மைதான் அவர்களுக்கு அடியில் பின்னோக்கி ஓடுகிறதா என்று சொல்லமுடியாத ஓட்டம். அந்த வெளியில் அவளுடைய புகை உருண்டையும் கரைந்து... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளும் இங்கே பேச்சை நிறுத்திவிட்டாள்.)

“இடதுபக்கம் கொஞ்சம்...” என்றான் பென்யாத்.

“இடதுபக்கம் என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப வாயை மூடு.” சிரித்தாள். பிறகு ஜீப்பை நிறுத்தினாள். “இப்ப இறங்கு.”

“மைத்தே...”

“தனியாப் போகணும். போயிட்டு எஞ்சினை அணைப்பேன். நீ கூப்பிடு. குரல் வர்ற பக்கம் திருப்பிக்கிட்டு வரேன்.”

இறங்கினான். ஜீப் சிறுத்து, கறுப்புப் பொட்டாகி, கானல்நீரில் மிதந்து, தரையை விட்டே எழும்பியது போல் நின்றது. பிறகு எஞ்சின் அணைந்தது.

5

திரும்பி வந்தாளா என்று பயப்பட வேண்டாம். வந்தாள். இதை எழுதும்போதும் எதிரே கராஜில் ரேடியோ பாடுகிறது.

ஆனால் பென்யாத் என்ன சொல்லிக் கூப்பிட்டான்? அவள் பெயரையா, மன்னிப்பையா, சின்ன வயதில் கூப்பிட்ட ஏதோ ஒன்றையா? மூன்றையும் எழுதிப் பார்த்து அடித்தேன். கேட்டால் இருவரும் சிரிக்கிறார்கள்.

எனவே அவன் இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். காற்றில்லை. அவ்வளவு தூரத்தில் ஒருத்தி காதைத் திருப்பிக் காத்திருக்கிறாள்.

கூப்பிடுங்கள்.