பூருல்சுனின் முன்பல்

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சுகிறவள் பூருல்சுன். வியாழக்கிழமை சாயங்காலமானால் சமையல் அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, கைப்பையில் மோர்சிங்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாரின் என்ற மலை நகரத்துக் கலாசார மன்றத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து வாசிக்கிற குழு. விரல் நீள இரும்பை முன்பற்களில் அணைத்துப் பிடித்துச் சுண்டினால் வாயே குடமாகி ஒலிக்கும். வருகிற மார்ச்சில் நவ்ருஸ் என்கிற வசந்தப் புத்தாண்டுப் பண்டிகைக்குச் சதுக்கத்தில் வாசிக்க வேண்டும் என்று அக்டோபரிலேயே ஒத்திகை தொடங்கியிருந்தது.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, இரும்பை வைத்துச் சுண்டியதும் நாதம் வரவில்லை. கடகடவென்று ஒரு அதிர்வுதான் வந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று அசைந்தது. எடுத்துப் பார்த்தால் இரும்பில் ரத்தம். "உதடு வெடிச்சிருக்கு" என்று சொல்லிச் சமாளித்து, பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெடித்தது உதடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகவே பல் தேய்த்தால் ரத்தம் வந்துகொண்டிருந்தது. புண்ணைக் கிளறக் கூடாது என்று அவள் தேய்ப்பதையே விட்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு சரி. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் ஒதுக்கிக்கொண்டு தேநீர் உறிஞ்சுகிற பழக்கம் மட்டும் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. தினமும் ஏழெட்டுக் கிண்ணம்.

"பிடுங்கிட்டுத் தங்கப்பல் கட்டிக்கோ," என்றான் புருஷன் ஷைலோபெக். நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். "எங்க அத்தைக்கு ஆறு தங்கப்பல். சிரிச்சா வீட்டுல லைட்டே போட வேண்டாம்."

"உங்க அத்தை வாயைத் திறந்தா வெளிச்சம் மட்டுமா வரும்?" என்றாள் அவள். ஆனால் மறுநாள் பிடுங்கத்தான் போனாள்.

பல் டாக்டர் நூர்ஸாத் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வாய்க்குள் கண்ணாடியை விட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"எதைப் பிடுங்கச் சொல்றீங்க?"

"இந்த முன்பல்லை."

"ஏக்கா, அடுப்பு புகைஞ்சா வீட்டையா இடிப்பீங்க? பல்லு நல்லாத்தான் இருக்கு. அதைப் பிடிச்சிருக்கற ஈறுதான் நொந்து போயிருக்கு. எத்தனை நாளா ரத்தம் வருது?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அதான் தேய்க்கறதையே நிறுத்திட்டேன்."

"ரத்தம் வருதுன்னு நிறுத்துனீங்க. நிறுத்துனதாலதான் இன்னும் வருது."

இரண்டு தடவை வரவழைத்து, பல்லடியில் படிந்து இறுகிய காரையையெல்லாம் சுரண்டி எடுத்தாள் டாக்டர். கடைவாயில் ஒரு பல் அடியோடு கெட்டிருந்தது. அதைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிட்டாள். இனி எப்படிப் பல் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டி, மூன்று மாதம் மோர்சிங்கைத் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் கண்ணாடியைப் பார்த்த பூருல்சுனுக்குப் பகீரென்றது. கீழ்ப்பற்களுக்கு நடுவே புதிதாகச் சந்துகள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறியது. உடனே டாக்டருக்குப் போனைப் போட்டாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? பல்லையே சுரண்டிட்டியே!"

"அது பல்லு இல்லக்கா, கல்லு. அந்தச் சந்தையெல்லாம் இத்தனை நாளா கல்லுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. வீக்கம் வத்துனதும் வெளிய தெரியுது. கூச்சமும் போகப் போகக் குறையும். நான் சொன்னபடி மூணு மாசம் செய்யுங்க. அப்புறமும் பல்லு ஆடுச்சுன்னா நேர்ல வந்து திட்டுங்க. உக்காந்து கேக்கறேன்."

"திட்டறேன், பாரு!"

சும்மா சொல்லவில்லை. நியாயமாகத் திட்ட வேண்டுமென்றால் தன் பக்கம் குறை இருக்கக் கூடாது. ஆகவே ஒன்று விடாமல் செய்தாள். மெல்லிய நாருள்ள பிரஷ் வாங்கினாள். பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் அதைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைத்தாள். உள்பக்கம், கடைசிப் பல்லின் முதுகு, ஒன்றும் விடவில்லை. இரண்டு நிமிஷம் என்று டாக்டர் சொன்னதற்குக் கடிகாரம் பார்க்கவில்லை. குழு வாசிக்கிற மெட்டு ஒன்று சரியாக இரண்டு நிமிஷம் ஓடும், அதை மனசுக்குள் ஓட்டினாள். சந்துகளுக்குள் ஊசி போன்ற குட்டிப் பிரஷ்ஷை நுழைத்து எடுத்தாள். காலையில் ஒரு தடவை, ராத்திரிக் கடைசித் தேநீருக்குப் பிறகு ஒரு தடவை; அதன் பின் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. சர்க்கரைக் கட்டியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் நான்கு நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் காலண்டரில் ஒரு கோடு போட்டாள், சாட்சிக்கு.

முதல் வாரம் நுரை சிவப்பாகவே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். பிறகு இளஞ்சிவப்பானது. பதினேழாம் நாள் காலை துப்பினாள், வெள்ளை. நம்பாமல் இன்னொரு தடவை துப்பினாள்.

"என்னங்க, இங்க ஓடி வாங்க!"

லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷைலோபெக் ஒற்றைக் கால் பூட்ஸோடு ஓடி வந்தான். "என்னாச்சு?"

"பாருங்க, வெள்ளையா இருக்கு!"

"எச்சிலைக் காட்டவா கூப்புட்ட?" என்றான். ஆனாலும் குனிந்து பார்த்தான். போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கைபடாமலே பிரஷ் ஈரமாக இருந்தது.

"என் பிரஷ்ஷை எடுத்தீங்களா?"

"எலி ஏதாச்சும் எடுத்திருக்கும்."

"எலி பொகையில போடுமா? பிரஷ் பூரா உங்க நஸ்வாய் நாத்தம்!"

ஷைலோபெக் கீழுதட்டுக்குள் அந்தப் பச்சைப் புகையிலைத் தூளை அடக்கிக்கொண்டே நாளெல்லாம் லாரி ஓட்டுகிறவன். சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. உதட்டை மெல்லக் கீழே இழுத்துக் காட்டினான். தூள் வைக்கிற இடம் வெளுத்துத் தடித்துக் கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கோடையிலேர்ந்து. தேச்சா போயிடுமோன்னு பாத்தேன்."

அவள் திட்டவில்லை. மறுநாள் காலை அவனுடைய கோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு லாரி ஓட வேண்டாம். என்கூட வாங்க." போகிற வழியில் தனக்கொரு புதுப் பிரஷ்ஷும், அவனுக்கென்று நீலத்தில் ஒன்றும் வாங்கினாள்.

டாக்டர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வருகிற வரைக்கும் பத்து நாள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. மோசமாக ஒன்றும் இல்லை என்று வந்தது. "ஆனா அண்ணே, இது எச்சரிக்கை," என்றாள் நூர்ஸாத். "தூளை இன்னியோட விடுங்க. விட்டா அனேகமா வத்திடும். விடலன்னா எந்தப் பக்கம் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது." அவன் டப்பாவை அங்கேயே அவளுடைய குப்பைக்கூடையில் போட்டான். மூன்றாம் நாள் புதுசு ஒன்று வாங்கினான். அதைப் பூருல்சுன் அடுப்பில் போட்டாள். அப்புறம் வாங்கவில்லை. பல் விளக்கிய சுத்தமான வாயில் அந்தத் தூளை வைக்கவே கூசுகிறது என்று லாரிக்காரர்களிடம் சொன்னானாம்.

பிப்ரவரியில் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள் பூருல்சுன். நூர்ஸாத் முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"ரொம்பக் கொறைஞ்சிருக்கு. பழைய மாதிரி இறுகாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே பாத்துக்கிட்டா நிக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க."

"வாசிக்கலாமா?"

"மெதுவா. இரும்பு பல்லுல இடிக்கக் கூடாது. ஆமா, திட்டணும்னீங்களே?"

"மறந்துட்டேன் போ," என்று பூருல்சுன் வாய்விட்டுச் சிரித்தாள். முன்போலக் கையால் வாயை மூடிக்கொள்ளவில்லை.

நவ்ருஸ் அன்று சதுக்கத்து ஓரங்களில் பனி இன்னும் கருத்துக் கிடந்தது. பெரிய கொப்பரையில் கோதுமை முளையில் காய்ச்சுகிற சுமலக் களி கொதித்துக்கொண்டிருக்க, ஏழு பெண்களும் மேடையேறினார்கள். தான் தனியாக வாசிக்க வேண்டிய துண்டைத் தோழி ஒருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பூருல்சுன் ஓரத்தில் நின்றுகொண்டாள். இரும்பைப் பற்களில் அணைத்து, மூச்சை இழுத்து, சுண்டினாள். பல் அசையவில்லை. மண்டைக்குள் அந்த ரீங்காரம் நிறைந்தது. ஒத்திகைகளில் பயந்து பயந்து சுண்டியபோது வராத, ஐந்து மாதமாகக் கேட்காத முழு ரீங்காரம். கூட்டத்தின் முன்வரிசையில் தூளுக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நின்ற ஷைலோபெக், கொறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.