பெரிய ஊசி

நெல்லிவாசல் நாட்டு மலையூர்களில் ஊசி என்றால் பருமனாக இருக்க வேண்டும். மெல்லிய ஊசி குழந்தைகளுக்கு. காடு திருத்திச் சாமை விதைக்கிற உடம்புக்கு அது எந்த மூலைக்கு? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பாஞ்சாலையும் நினைத்தாள், பாவி.

அவள் புருஷன் ராஜாக்கண்ணுவின் பாதத்தில் மூங்கில் சிலாம்பு ஏறிச் சீழ் கோத்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கீறலாம் என்று, மலை மருந்தகத்து நர்ஸ் சகுந்தலா மெல்லிய ஊசியை எடுத்தாள்.

“சீழ் வெச்ச எடம். இதுன்னா அவ்ளோ வலிக்காது.”

“இன்னா நர்ஸம்மா, கொயந்தைக்குப் போடறத எடுக்கறீங்க? இதுல நோவு கேக்குமா? பெரிசா போடுங்க” என்று பாஞ்சாலை மல்லுக்கு நின்றாள்.

சகுந்தலா சொல்லிப் பார்த்தாள். மெல்லிய ஊசி போட்டால் மருந்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று ஊரே ஏசும். அந்த ஏச்சு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பெரிய ஊசியை மாட்டினாள்.

வீங்கிய பாதத்தில் அது இறங்கியதும் ராஜாக்கண்ணு அலறினான். நர்ஸைத் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடியவன்தான், செத்தாலும் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றுவிட்டான். பாஞ்சாலை கெஞ்சினாள், சண்டை பிடித்தாள். அவன் பச்சிலையைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தான். பாதம் கறுத்தது. காய்ச்சலில் எழுந்திருக்கக்கூட முடியாமல் போன பிறகுதான் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிப்போய் ஜீப்பில் ஏற்றினார்கள்.

கீழே, டவுன் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததுமே பாஞ்சாலை கும்பிட்டாள். “சன்னமா போடுங்க சாமி. பெரிசு வேணாம்.”

சன்னமான ஊசிதான் அது. ராஜாக்கண்ணு கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் பாதத்தில் குத்தினார்.

“எப்ப சார் குத்துவீங்க?” என்றான் அவன்.

பாஞ்சாலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. டாக்டர் கணுக்காலில் குத்தினார், அதற்கும் மேலே குத்தினார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தபோதுதான் அவன் லேசாக முகம் சுளித்தான். அந்த இடத்தில் மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“வலிக்காதது ஊசி சன்னமா இருக்கறதால இல்லம்மா. கால் செத்துப்போச்சு. கோட்டுக்குக் கீழ எடுத்தாகணும்.”

அவள் திரும்பி வந்தபோது ராஜாக்கண்ணுவின் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு இருந்தது.

“வலிக்கவே இல்ல பாஞ்சால. அன்னிக்கே இந்த ஊசிய போட்டிருந்தா நான் ஓடியிருக்கவே மாட்டேன், இல்ல?”

“ஆமா” என்றாள் அவள்.