மக்காச்சோளக் கொல்லைக்கு அடியில்

சோமா ஊருக்குத் தெற்கே, துணை மின்நிலையத்தின் கம்பிவேலியைத் தொட்டுச் செத்துப்போன ச்சேலோவின் அடக்கம் முடிந்த கையோடு, இன்ஜினியர் லுயாண்டோ மண்ணின் மின்தடையை மறுபடி அளக்க வந்தாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ச்சேலோ வெயிலுக்குக் களைத்து வேலியில் சாய்ந்த நேரம், உள்ளே ஒரு மின்கம்பி அறுந்து விழுந்திருக்கிறது. மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய மின்சாரம், போக வழியில்லாமல் வேலியில் ஏறி நின்றுவிட்டது.

நிலையம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்தவளும் லுயாண்டோதான்.

வேலிக்கு அடுத்த கொல்லை ச்சேலோவின் புருஷன் ஹமாவுண்டுவுடையது. வெட்டாந்தரையாகக் கிடந்த அதில் லுயாண்டோ அளவுப் பெட்டியை இறக்கி வைத்து, ஒரே கோட்டில் நான்கு இரும்பு முளைகளை அடிக்கத் தொடங்கியதும் அவர் வந்து நின்றார்.

"இந்தப் பெட்டிய வெச்சு அளந்தா செத்தவ எந்திரிச்சு வருவாளா?"

"வர மாட்டாங்க ஐயா. இன்னொருத்தர் சாகக் கூடாதுன்னுதான்."

அவர் சுத்தியலை அவள் கையிலிருந்து வாங்கினார். தரை கல்லாக இறுகியிருந்தது.

முளைகள் நெருங்கி நின்றால் மேல்மண்ணின் குணம் மட்டும்தான் தெரியும். தள்ளித் தள்ளி நட்டால்தான் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பிடிபடும். அவர் தள்ளி அடிக்க அடிக்க, பெட்டி காட்டியதை வைத்து அவள் போட்ட கணக்கில் மண்ணின் தடை ஏறிக்கொண்டே போனது. மெல்லிய மண்போர்வைக்குக் கீழே முழுக்கப் பாறை. அதில் மின்சாரம் எளிதில் இறங்காது.

"என்ன சொல்லுது?"

"கீழ பாறை ஐயா."

"இது அன்னைக்கே தெரியலயா?"

அன்று நல்ல மழைக்காலம். கொல்லையில் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. 'மிதிச்சிடாத தாயி, வருசத்துச் சாப்பாடு' என்று கெஞ்சியவர் இவர்தான். சரியென்று லுயாண்டோவும் வேலியோரமாகவே, ஈரமண்ணில், முளைகளை நெருக்கி நட்டு அளந்துவிட்டுப் போனாள். மின்சாரம் நன்றாக இறங்கும் என்று காட்டிய அந்தக் கணக்கை நம்பித்தான் நிலையத்தின் கம்பிகளை ஆழமில்லாமல் புதைத்தார்கள்.

"அறுப்பு முடிஞ்சதும் நான் திரும்ப வந்திருக்கணும். வரல. தப்பு என்னுதுதான்."

ஹமாவுண்டு சுத்தியலைக் கீழே போட்டார்.

"நான்தானே உன்ன உள்ள விடல," என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா..."

"போ தாயி. அளந்துட்டுப் போ."

லுயாண்டோ நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். 'வேலியைத் தொட்டது அந்தப் பெண்ணின் கவனக்குறைவு' என்று மேலதிகாரி அதைத் திருத்தச் சொன்னார். அவள் மறுத்ததால் களவேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள்.

மின்சாரம் மண்ணுக்குள் போகப் பாறையைத் துளைத்து ஆழமாகச் செம்புக்கம்பி இறக்கினார்கள். அதற்கு ஹமாவுண்டுவின் கொல்லை வேண்டியிருந்தது. இனி அங்கே ஏர் பூட்டக் கூடாது என்றார்கள். முதல் மழைக்கு முன்னால் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.