முழுப் பொருத்தம்

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கன்வேயரை முதலில் கணினியில் மாதிரியாக உருவாக்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கான மூன்று வழிமுறைகளைச் சர்வதேசத் தரநிலையோடு ஒப்பிட்டு எழுதும் வேலை ருஷ்தாவுக்கு வந்தது. அறிக்கையின் அடியில் அவள் கையெழுத்து இருக்கும்.

அலுவலகம் ஏற்கனவே மென்பொருள் வாங்கிவிட்ட வழிமுறைதான் மூன்றிலும் கடைசியாக வந்தது. தரநிலை கேட்கிற, கன்வேயரைப் பராமரிப்பது, பழசானதும் கழற்றி அகற்றுவது பற்றியெல்லாம் அது வாயே திறக்கவில்லை.

மேலாளர் செந்தூர்பாண்டி அறிக்கையைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தேவைக்குத் தக்கன சில பகுதிய வெட்டிக்கிடலாம்னு தரநிலையிலயே இருக்குல்லா?"

"இருக்கு சார்."

"அப்போ வெட்டிரு. நம்ம மெத்தட்ல இல்லாதது தரநிலையிலயும் வேண்டாம்."

"பையன் எழுதாத கேள்வியை எல்லாம் அழிச்சிட்டு நூறு மார்க் போடச் சொல்லுதீங்க."

"பிள்ள பாஸாயிரும்லா?"

வெட்டிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும் என்றும் அதே தரநிலை சொல்கிறது. ருஷ்தாவுக்குப் பொய் எழுத வரவில்லை. 'இதற்கு வழியில்லாத மென்பொருளை முன்பே வாங்கிவிட்டதால்' என்று எல்லா இடத்திலும் எழுதிக் கையெழுத்திட்டாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"நான் பார்த்ததுல காரணத்தை ஒழுங்கா எழுதின கம்பெனி இதுதான் சார்" என்று செந்தூர்பாண்டியிடம் சொல்லி, தரநிலைக்கு முழுப் பொருத்தம் என்று சான்றளித்தார்.

செந்தூர்பாண்டி எல்லோருக்கும் மக்ரூன் இனிப்பு கொடுத்தார். ருஷ்தாவும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்தக் கன்வேயரை ஒருநாள் யார் கழற்றுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதற்கு அவள் கையெழுத்தே இருந்தது.