வருகைச் செய்தி

ஆனைக்கரைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை தமிழ்ப்ரியா காலை வருகையைப் பதிவு செய்ய டேப்லெட்டைத் திறந்தபோது, வாசலில் நர்மதா மூச்சிரைக்க நின்றிருந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"டீச்சர், மோனிஷாவ அனுப்புங்க. அவ அப்பன் வந்துட்டிருக்கறானுங்க."

அவளை ஓரமாக அழைத்துப் போய் விசாரித்தாள் தமிழ்ப்ரியா. நர்மதாவின் கணவன் கௌசிக்குக்குக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. அவன் அடி தாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் இந்த மலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இருக்கும் இடம் அவள் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். கௌசிக்கின் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் அந்தத் தங்கைதான் இப்போது போன் செய்திருந்தாள். நேற்று கௌசிக்கின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்ததாம்: உங்கள் குழந்தை மோனிஷா இன்று பள்ளிக்கு வந்திருக்கிறாள். கீழே பள்ளியின் பெயர். விடியும் முன்பே அவன் பைக்கை எடுத்துவிட்டான்.

அந்தச் செய்தி தன் டேப்லெட்டிலிருந்து போனதுதான் என்று தமிழ்ப்ரியாவுக்குப் புரிந்தது. பள்ளிகளில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விதிகள் எழுத மாவட்டத்தில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஆசிரியர்கள் சார்பில் அவளும் அதில் இருந்தாள். பிள்ளை வந்ததா, வரவில்லையா என்று பெற்றோருக்கு உடனே செய்தி போகவேண்டும் என்று வாதாடியவள் அவள்தான். போன வருடம் இரண்டு பையன்கள் பள்ளிக்கு வராமல் ஓடைப்பக்கம் போய்விட, சாயங்காலம்வரை யாருக்கும் தெரியவில்லை. தேடிப்போனவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பதைப்பில்தான் அந்த விதி பிறந்தது. இந்த வாரம் மாவட்டத்தில் சில பள்ளிகளில் சோதனை ஓட்டம், அவள் பள்ளியும் அதில் ஒன்று. பெற்றோரின் எண்களைப் பழைய பள்ளிகளின் பதிவிலிருந்து கருவியே எடுத்துக்கொண்டது. யாரையும் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நர்மதா மகளோடு தோட்டத்து லயத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகத் துடித்தாள். போக ஒரே ரோடுதான். அவன் வருவதும் அதே ரோடு. தமிழ்ப்ரியா இருவரையும் கம்ப்யூட்டர் அறையில் வைத்து வெளியே பூட்டினாள். குழந்தைகள் உதவி எண்ணான சைல்டுலைனுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போன் செய்தாள். கட்டப்பனையிலிருந்து ஆள் வர நேரமாகும் என்றார்கள்.

டேப்லெட்டில் மோனிஷாவின் பெயர் காத்திருந்தது. வந்திருக்கிறாள் என்று தொட்டால் அவனுக்குச் செய்தி போகும். வரவில்லை என்று தொட்டாலும் போகும். அவள் கருவியையே அணைத்தாள். தலைமை ஆசிரியர் அமிர்தநாதன் பதறினார். சோதனையைப் பார்க்கக் குழுத் தலைவர் ஜிபி சார் வருகிற நாள் அது. வந்து பார்க்கட்டும் சார் என்றாள் அவள்.

ஜிபி வந்து நாற்காலியில் உட்கார்வதற்குள் பைக் சத்தம் கேட்டது.

கௌசிக்கைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மகளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனை நீட்டினான்.

"மூணு மாசமாத் தேடிட்டு இருந்தனுங்க டீச்சர். நீங்களே மெசேஜ் அனுப்பிச்சு சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றிங்க. புள்ளையக் கூப்புடுங்க."

அமிர்தநாதன் தலையைக் குனிந்துகொண்டார். தமிழ்ப்ரியா, குழந்தையை இப்போது அனுப்ப முடியாது, சைல்டுலைன்காரர்கள் வந்து பேசட்டும் என்றாள்.

அவன் சிரிப்பு போய்விட்டது. "ரெக்கார்டுல யாரு பேருங்க இருக்குது?"

"உங்க பேருதான்."

"அப்பறம் என்னங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வராந்தாவில் இறங்கி, ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். அவன் குரல் வகுப்புக்கு வகுப்பு ஏறியது. பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. பூட்டைப் பார்த்தவன் அங்கேயே நின்றான். பிறகு ஜன்னலில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி நொறுங்கியது.

தமிழ்ப்ரியா கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கிருந்து நகரவில்லை. ஜிபியும் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இரிக்கு. போலீஸ் வரட்டே," என்று மலையாளத்தில் அவனை உட்காரச் சொன்னார்.

போலீஸ் வரும்வரை மூவரும் அப்படியே நின்றார்கள். அவன் முட்டியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவே இல்லை.

ஸ்டேஷனில் எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் அவனை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் நர்மதாவையும் மோனிஷாவையும் வேறு ஊரில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வகுப்பில் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட அந்தச் சிறுமிக்கு நேரமில்லை.

அடுத்த வாரம் குழு கூடியது. கருவியைக் கொடுத்த நிறுவனத்தின் ஆள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒரே ஒரு தவறான எண், திருத்திவிடலாம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். தமிழ்ப்ரியா எழுந்தாள்.

"தப்பு ஒண்ணும் நடக்கல சார். எண்ணும் சரிதான், மெசேஜும் சரிதான். நாம எழுதுன மாதிரியேதான் எல்லாம் நடந்துச்சு. அந்த வரிய எழுதச் சொன்னவ நான். நானே எடுக்கச் சொல்றேன்."

ஓடையில் தேடிய பையன்களை மறந்துவிட்டாயா என்று ஒருவர் கேட்டார். மறக்கவில்லை என்றாள். வாக்குவாதம் மதியம்வரை நீண்டது. கடைசியில் ஜிபி, உடைந்த கண்ணாடிக்கு முன்னால் தானும் நின்றதைச் சொன்னார். அதன்பின் விதி மாறியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டி வருகிறவரைத் தனியாக அழைத்துக் கேட்டு, அவர் சொல்லும் எண்ணுக்கு மட்டுமே செய்தி. பள்ளியின் பெயர் அதில் வராது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஏற்கெனவே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்த எண்களை எப்போது அழிப்பார்கள் என்று அவள் கேட்டாள். அது அடுத்த கூட்டத்துக்கு என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நர்மதாவுக்குப் போன் செய்து சொன்னாள். நர்மதா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இந்த ரூல் எப்ப இருந்துங்க டீச்சர்?"

"அடுத்த வருஷம் ஜூன்ல இருந்து."

அப்போது நவம்பர். மோனிஷாவைத் திங்கட்கிழமை புதுப் பள்ளியில் சேர்க்கவேண்டும், அங்கேயும் அதே கருவி வந்துவிட்டது என்றாள் நர்மதா.

தமிழ்ப்ரியா அந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டாள். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, மோனிஷாவின் பெயர் கருவியில் ஏறும் முன் அங்கே நேரில் சொல்ல, விடியற்காலை முதல் பஸ்ஸில் அவளே கிளம்பிப் போனாள்.